ஐந்து நட்சத்திரப் பையனா, ஆடிக் காட்டிய ஆளா?

ஃபுட்பால் என்று நான் இங்கே சொல்வது அமெரிக்கக்காரர்கள் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அந்த முட்டை வடிவப் பந்தாட்டத்தை, அதிலும் கல்லூரி ஆட்டத்தை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறான் என்பதே அங்கே பெரிய செய்தி, அவனுக்கு எத்தனை நட்சத்திரம் என்பது அதைவிடப் பெரிய செய்தி. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற தளங்கள் பள்ளி ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து, கோடை முகாம்களில் உயரம், எடை, வேகம் அளந்து, எந்தெந்தக் கல்லூரி அவனுக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வந்திருக்கிறது என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் போடுகின்றன. ஐந்து என்றால் உச்சம். 247ஸ்போர்ட்ஸ் வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்குத்தான் ஐந்து கொடுக்கும், ஏனென்றால் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் இருப்பது 32 இடம். அதாவது அந்த ஐந்து நட்சத்திரம் பாராட்டுப் பத்திரம் அல்ல, "மூன்று நான்கு வருஷத்தில் இவன் முதல் சுற்றில் போவான்" என்ற ஜோசியம்.

அந்த ஜோசியம் பலிக்கிறதா? இதில் இரண்டு கட்சி. "நட்சத்திரம்தான் எல்லாம், ஜார்ஜியா பல்கலைக்கழக அணியைப் பார்" என்பது ஒன்று. "நட்சத்திரமாவது மண்ணாங்கட்டியாவது, ஜோஷ் ஆலனைப் பார்" என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

முதலில் இரண்டாவது கட்சி, அவர்களிடம்தான் நல்ல கதைகள் இருக்கின்றன. ஜோஷ் ஆலன் கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன விவசாய ஊர்ப் பையன். பள்ளி முடிந்தபோது பெரிய கல்லூரி ஒன்றும் கூப்பிடவில்லை, ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் ஆடி, அங்கிருந்து வயோமிங் போய், 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாகப் போனார், 2024 சீசனுக்கு என்எஃப்எல்லின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர். கேம் வார்டு கதை இன்னும் சுவையானது. டெக்ஸஸில் அவர் ஆடிய பள்ளி அணி பந்தை வீசுவதே அபூர்வம், ஓட்டம்தான். வார்டோ குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசுகிற ஆள். அவர் வீசியதையே பார்க்காதவன் எப்படி நட்சத்திரம் போடுவான்? பூஜ்யம். சான் அன்டோனியோவில் உள்ள இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னக் கல்லூரி மட்டும் எடுத்துக்கொண்டது, பிறகு வாஷிங்டன் ஸ்டேட், மயாமி, 2025 டிராஃப்டில் முதல் ஆள். ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகனில் டைட் எண்ட் என்ற தாக்குதல் இடத்தில் ஆடிவிட்டு, ஸ்காலர்ஷிப்கூட இல்லாத வாக்-ஆனாக விஸ்கான்சின் போனவர், பின்னால் என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு, கணக்கு தெரிந்த யாருக்கும் உடனே கண்ணில் படும். பெரிய பிரிவில் மட்டும் 130க்கு மேல் அணிகள், ஒவ்வொன்றும் வருஷா வருஷம் இருபது பேருக்குக் குறையாமல் சேர்க்கும் என்று வையுங்கள், மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டும். அதில் ஐந்து நட்சத்திரம் முப்பது சொச்சம் பேர், நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மிச்சத்தில் பெருங்கூட்டம் மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும். இவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து என்எஃப்எல்லுக்கு நிறையப் பேர் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தலையை எண்ணினால் மூன்று நட்சத்திரக்காரன் ஜெயிக்கிறான், விகிதம் பார்த்தால் ஐந்து நட்சத்திரக்காரன் பக்கத்தில்கூட அவனால் வர முடியாது. ஆலன் பெயரைச் சொல்கிறவர்கள் ஆலன் மாதிரியே பூஜ்யத்தில் ஆரம்பித்து இன்று காப்பீடு விற்றுக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரைச் சொல்வதில்லை.

சரி, முதல் கட்சி. இவர்களுடைய பிரம்மாஸ்திரம் புளூ-சிப் ரேஷியோ, பட் எலியட் என்ற எழுத்தாளர் பிரபலப்படுத்தியது. நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களைத்தான் புளூ-சிப் என்பார்கள். கடைசி நான்கு வருஷத்தில் பள்ளியிலிருந்து நீ சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் புளூ-சிப் இல்லையா, உனக்குத் தேசியக் கோப்பை இல்லை, அவ்வளவுதான் விதி. முரட்டுத்தனமான விதி, ஆனால் வருஷக்கணக்கில் பொய்க்கவில்லை. 2022 சீசனில் டிசியு என்ற டெக்ஸஸ் கல்லூரி விதியை உடைக்கப் போகிறது என்று எல்லாரும் பேசினார்கள். அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று சாய்த்துவிட்டு இறுதிக்கு வந்தது, அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. அடுத்த வருஷம் வாஷிங்டன் வந்தது, மிச்சிகனிடம் 34-13. ஒரு ராத்திரி அதிசயம் வேறு, 2007 ஜனவரியில் ஃபியஸ்டா பௌலில் பாய்ஸி ஸ்டேட் ஓக்லஹோமாவை 43-42 என்று கவிழ்த்ததே, அது மாதிரி. கோப்பை வேறு. கோப்பைக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று பேருக்கு முழங்கால் போகும், அப்போது பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவன் யார் என்பதுதான் கேள்வி. ஜார்ஜியாவில் எழுந்து வருகிறவனும் நான்கு நட்சத்திரம்.

2021 ஜார்ஜியா அணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், எனக்குப் பிடித்த உதாரணம். 2022 டிராஃப்டில் அந்த ஒரே அணியிலிருந்து 15 பேர் போனார்கள், தடுப்பாட்டத்தில் மட்டும் ஐந்து பேர் முதல் சுற்றில். முதல் ஆளாகப் போன டிராவன் வாக்கர் ஐந்து நட்சத்திரம். அவருக்குப் பக்கத்திலேயே முன்வரிசையில் நின்று அதே முதல் சுற்றில் போன ஜோர்டன் டேவிஸ் மூன்று நட்சத்திரம். இந்த நட்சத்திரப் பட்டாளத்துக்குக் குவார்ட்டர்பேக் யார்? ஸ்டெட்ஸன் பென்னட், வாக்-ஆனாக வந்து, நடுவில் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய்த் திரும்பி வந்தவர். இரண்டு கோப்பை! இதை வைத்து "பார்த்தாயா, நட்சத்திரம் வேண்டாம்" என்கிறார்கள். நான் நேர்மாறாகப் படிக்கிறேன்: சுற்றிலும் அவ்வளவு நட்சத்திரம் இருந்ததால்தான் நடுவில் ஒரு பென்னட்டை வைத்து ஆட முடிந்தது.

அப்போ முதல் கட்சி ஜெயித்துவிட்டதா என்றால், அங்கேதான் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் என்ற பல்கலைக்கழகம் வந்து நிற்கிறது. 2022இல் அவர்கள் சேர்த்த பள்ளிப் பையன்கள் அதுவரை யாரும் சேர்த்திராத அளவுக்கு உயர்ந்த மதிப்பீடு வாங்கிய கூட்டம். அந்த சீசன் 5 வெற்றி, 7 தோல்வி, அதில் ஒன்று சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14. அடுத்த நவம்பரில் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிவிட்டார்கள், அனுப்புவதற்கே 7 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தப் பணம். நட்சத்திரம் பொய் என்று இதையும் காட்டுவார்கள். ஆனால் அதே கூட்டத்தில் இருந்த வால்டர் நோலன், ஷெமார் ஸ்டூவர்ட் இரண்டு பேரும் 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் 16, 17 என்று அடுத்தடுத்துப் போனார்கள். நோலன் அதற்குள் ஓல் மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். பையன்களைப் பற்றிய ஜோசியம் பெரிதாகத் தப்பவில்லை, அணியைப் பற்றி நட்சத்திரம் எதுவும் சொல்லியிருக்கவே இல்லை.

அப்புறம் இந்தியானா. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகம் தோற்ற பெரிய அணி என்ற பட்டத்தை வெகுகாலம் சுமந்த அணி. பயிற்சியாளராகக் கர்ட் சிக்னெட்டி வந்தார், முன்பு அலபாமாவில் பயிற்சியாளர் நிக் சேபனிடம் ஆள் சேர்க்கும் வேலையையே பார்த்தவர், அதாவது நட்சத்திர வியாபாரம் உள்ளும் புறமும் தெரிந்தவர். பள்ளிக்கூடங்களைச் சுற்றவில்லை. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து ஒரு டஜன் பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்தார். எலைஜா சாரட் என்ற ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிக்கிறவர்) பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸில் ஆரம்பித்து, ஜேம்ஸ் மேடிசன் போய், இந்தியானா வந்தவர். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோஸா முதலில் யேல் போவதாக இருந்தார், கடைசியில் கலிபோர்னியா பல்கலைக்கழகம், அங்கிருந்து இங்கே. 2025 சீசனில் அவருக்குக் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. அணிக்கு 16 ஆட்டம், 16 வெற்றி. காலிறுதியில் அலபாமாவுக்கு 38-3, அரையிறுதியில் ஓரிகனுக்கு 56-22, இறுதியில் மயாமியை அவர்கள் ஊரிலேயே 27-21. மெண்டோஸாவுக்கும் அதுதான் சொந்த ஊர். நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், அவர் தானே பந்தோடு பாய்ந்து போட்ட டச்டவுனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

புளூ-சிப் விதி அன்றைக்கு உடைந்தது. எப்படி உடைந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். நட்சத்திரம் பதினேழு வயதில் போடுவது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள், ஆனால் முளையையும் கதிரையும் ஒரே சந்தையில் வைத்து விற்றால் எதை வாங்குவீர்கள்? முன்பெல்லாம் முளையை மட்டும்தான் வாங்க முடிந்தது. போர்ட்டல் 2018இல் வந்தது, 2021இலிருந்து ஒரு முறை மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டாம் என்றார்கள், அதே வருஷம் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. இப்போது இருபத்திரண்டு வயது ஆள், முப்பது கல்லூரி ஆட்டம் ஆடிய வீடியோவோடு, விலைக்குக் கிடைக்கிறான். அவனுக்குப் பள்ளியில் எத்தனை நட்சத்திரம் என்று எதற்குக் கேட்க வேண்டும்? புளூ-சிப் கணக்கிலோ இவன் சேரவே மாட்டான், அது பள்ளியிலிருந்து வந்தவர்களைத்தான் எண்ணும்.

ஆனால் ஒரு ஆட்சேபம் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். இந்தியானா தோற்கடித்த மயாமியும் ஓரிகனும் அலபாமாவும் அந்தக் கடைசிச் சுற்றுகளுக்கு வந்ததே நட்சத்திரத்தால்தான். அதற்கு முந்தைய வருஷம் ஓஹையோ ஸ்டேட் கோப்பை வாங்கியபோது அங்கே ஜெரமையா ஸ்மித் என்ற முதல் வருஷ ரிசீவர் ஐந்து நட்சத்திரத்துக்கு முழு விலையும் திருப்பிக் கொடுத்தார். சிக்னெட்டிகள் நிறையக் கிடைக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்தே எடைபோடத் தெரியாத பயிற்சியாளருக்கு நட்சத்திரம்தான் பாதுகாப்பு.

என்னிடம் ஒரு ஸ்காலர்ஷிப்பைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னால் இடத்தைப் பொறுத்துப் பிரிப்பேன். ரிசீவர், அவனைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக், தடுப்பின் முன்வரிசை, இங்கெல்லாம் வேகமும் உடம்பும் பதினேழிலேயே தெரிந்துவிடும், ஐந்து நட்சத்திரத்தை யோசிக்காமல் எடுப்பேன். குவார்ட்டர்பேக்குக்கும் அவனைக் காத்து நிற்கும் அஃபென்ஸிவ் லைனுக்கும் மாட்டேன். முன்னது மூளையின் வேலை, பின்னதில் பையன் இனிமேல்தான் இருபது கிலோ ஏற வேண்டும், அந்த இரண்டுக்கும் எங்கேயாவது இரண்டு சீசன் அடிவாங்கி எழுந்தவனைப் போர்ட்டலில் தேடுவேன். ரசிகனாக என்றால் கதை வேறு. டிசம்பரில் பையன்கள் மேஜைமேல் நாலு தொப்பியை வைத்துக்கொண்டு கேமரா முன்னால் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டும் அந்தக் கூத்தை நானும் விடாமல் பார்க்கிறேன், எங்கள் அணியின் தொப்பி மேஜையிலேயே கிடந்தால் "இவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லிக்கொள்கிறேன்.