கொல்லைப்புறக் கணப்பு: கல் வேலைக்கு முழு மதிப்பெண், கிரிலுக்குப் பாதி

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் இருக்கிறது எங்கள் வீடு. கொல்லையில் கருங்கல் கணப்பு ஒன்று கட்டியிருக்கிறோம். நடுவே நெருப்பு வாய், அதன் இடப்பக்கத்தில் இறைச்சி சுடும் கிரில், மேலே புகைபோக்கி. கட்டியவர் இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த வயதான கொத்தனார். உதவிக்கு அவருடைய மருமகன். பொருளும் கூலியும் சேர்த்து 14,000 டாலருக்குச் சற்று மேல் ஆனது. ஒரு குளிர்காலம் முழுக்க எரித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

என் அப்பா மதுரைப் பக்கத்தில் கொத்தனாராக இருந்தவர். அதனால் கல் கட்டடம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் அடித்தளத்துக்கும் கற்களுக்கு இடையிலான சந்துகளுக்கும்தான் போகும். இந்தப் பகுதியின் மண் எரிமலைச் சமவெளிக் களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். முதலில் விலை சொல்ல வந்த வேறொருவர், இருக்கிற நடைபாதைத் தளத்தின் மேலேயே கட்டிவிடலாம் என்றார். ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை மூன்று டன்னை நெருங்கும். அதை ஒரு மெல்லிய தளத்தின் மேல் ஏற்றச் சொன்னவரிடம் நான் மேற்கொண்டு பேசவில்லை. இந்தப் பெரியவரோ தளத்தைப் பெயர்த்து, களிமண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி இறுக்கி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார். அந்தக் கான்கிரீட் இறுகும்வரை ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை.

வெளியே தெரியும் கல் இங்கே ப்ளூஸ்டோன் என்று எல்லோரும் சொல்லும் எரிமலைக் கருங்கல். மெல்பர்னின் பழைய பென்ட்ரிட்ஜ் சிறைச்சாலையும் புனித பேட்ரிக் பேராலயமும் இதே கல்லில் எழுந்தவை. பார்ப்பவர்கள் அதைத்தான் புகழ்கிறார்கள். நான் புகழ்வது உள்ளே இருப்பதை. நெருப்பு படும் இடம் முழுவதும் தீச்செங்கல், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் செங்கல். அவற்றுக்கு இடையே சாதாரண சிமெண்ட் கலவை கிடையாது. வெப்பம் தாங்கும் களிமண் சாந்தை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் தடவியிருக்கிறார். தீச்செங்கல் சுவருக்கும் கருங்கல் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, அதில் சூட்டைத் தடுக்கும், அமுங்கிக் கொடுக்கும் பீங்கான் இழைப் போர்வையைச் செருகியிருக்கிறார். உள்சுவர் சூட்டில் விரியும்போது வெளிச்சுவரைத் தள்ளிப் பிளந்துவிடாமல் காப்பது அந்த இடைவெளிதான். இரண்டையும் ஒட்டிக் கட்டிய கணப்புகளில் முகத்துக் கல் வெடித்து நிற்பதை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

புகைபோக்கியின் கணக்கை அவர் ஒரு செங்கல்லின் மேல் பென்சிலால் எழுதிக் காட்டினார். நெருப்பு வாய் 90 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம். அதன் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைக்குழாய்க்கு வேண்டும். ஆக, குழாயின் உள்ளளவு ஏறக்குறைய 25க்கு 25 சென்டிமீட்டர். குழாய் இதைவிடக் குறுகினால் புகை முகத்துக்குத் திரும்பும். தெற்கிலிருந்து குளிர்காற்று வீசும் நாட்களில்கூட எங்கள் கணப்பில் புகை நேராக மேலேதான் போகிறது. அந்தப் பென்சில் கணக்குக்கே பாதிப் பணம் கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் உடனே எரிக்கவும் விடவில்லை. சில வாரங்கள் காயவிட்டு, பிறகு சுள்ளிகளால் சிறு நெருப்பு, மறுநாள் கொஞ்சம் பெரியது என்று படிப்படியாக ஏற்றச் சொன்னார். சாந்துக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஒரேயடியாக ஆவியானால் சுவரில் கீறல் விழும். பிள்ளைகள் பொறுமையிழந்தார்கள், சுவரில் மயிரிழைக் கீறல்கூட இன்றுவரை இல்லை.

கிரில் விஷயத்தில்தான் ஏமாற்றம். நடுவாயில் விறகை எரித்து, தணலை மட்டும் இடப்பக்கத்துக்குத் தள்ளிச் சுடும்படி அமைத்திருப்பது அருமையான யோசனை. ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் வகை மரத்து விறகின் தணல் நெடுநேரம் நின்று எரிவதால் இந்த அமைப்புக்கு மிகவும் பொருந்துகிறது. ஆனால் அவர் கொடுத்த தட்டு துத்தநாகம் பூசிய மெல்லிய கம்பிகளால் ஆனது. உயரத்தை மாற்றவும் வழியில்லை. துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் நச்சுப் புகை விடும். சமைக்கிற இடத்தில் அது கூடவே கூடாது. அடுப்பின் உட்புறத்தில் அவ்வளவு அக்கறை காட்டியவர் சோறு படுகிற இடத்தில் இப்படி விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, அர்ஜென்டினாவில் பரில்லா என்று சொல்லும் வகையைத் துருப்பிடிக்காத எஃகில் தனியாகச் செய்து வாங்கினோம். கம்பிகளுக்குப் பதில் 'வி' வடிவக் காடிகள். ஆட்டு விலாவின் கொழுப்பு தணலில் சொட்டாமல் முன்பக்கக் கிண்ணத்துக்கு வடிந்துவிடுகிறது. சக்கரத்தைச் சுழற்றித் தட்டை ஏற்றலாம், இறக்கலாம். மஞ்சளும் மிளகாயும் தடவிய ஸ்னாப்பர் மீனை முதலில் உயரத்தில் வைத்து வேகவிட்டு, கடைசியில் இறக்கித் தோலை முறுகவிட்டால் ருசி தனி. ஓரத்துத் தணலில் கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து கொத்சு செய்கிறோம்.

எங்கள் விக்டோரியா மாநிலத்தில், காட்டுத்தீ அபாயம் கருதி முழு நெருப்புத் தடை அறிவிக்கப்படும் நாட்களில் இதை மூட்டவே முடியாது. விறகுக்கும் கரிக்கும் அன்று அனுமதியில்லை. மற்ற நாட்களுக்கான விதி நகராட்சிக்கு நகராட்சி மாறும் என்பதால், முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வேலி கட்டி மிஞ்சிய பச்சை நிறம் பாய்ந்த பைன் துண்டுகளைத் தயவுசெய்து உள்ளே போடாதீர்கள். அதில் ஊறியிருப்பது பெரும்பாலும் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மருந்து. சாம்பலிலும் அந்த நஞ்சு தங்கும்.

கொத்தனார் தொலைபேசியை எடுப்பது அபூர்வம், சொன்ன தேதியும் இருமுறை தள்ளிப்போனது. இருந்தும் கல் வேலைக்கு இவரையே பரிந்துரைப்பேன். கிரிலை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து நீக்கச் சொல்லி, அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிரில் உட்காரும் குழியின் உள்ளளவை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தட்டு செய்து தருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.