கம்ப்யூட்டர் பிராசசருக்கு ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் கேட்பது இதைத்தான். ஏர் கூலர் பிராசசரின் சூட்டை விசிறிக் காற்றால் தணிக்கும்; லிக்விட் கூலர் பம்ப் வைத்துத் திரவத்தை ஓடவிட்டுத் தணிக்கும்.

விலை: ஏர் கூலர் மலிவு. லிக்விட் கூலர் சுலபமாக இரண்டு மடங்கு தாண்டும்.

ஆயுள்: ஏர் கூலரில் விசிறி கெட்டால் விசிறியை மட்டும் மாற்றலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆபத்து: கசிவு அரிது. கசிந்தாலோ, சொட்டுவது கிராபிக்ஸ் கார்டு மேல்.

பராமரிப்பில்தான் நம் ஏரியா தனி. கன்டெய்னர் லாரிப் புழுதியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, லிக்விட் கூலரில் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் பிசுக்காக அப்பிவிடும், ஊதினாலும் போகாது. ஏர் கூலரில் இடைவெளி அதிகம், பெயின்ட் பிரஷ்ஷே போதும். நீங்களே குழாய் பூட்டும் லிக்விட் கூலர் (லூப்) என்றால் வருடம் ஒருமுறையாவது கூலன்ட், அதாவது உள்ளே ஓடும் திரவத்தை மாற்ற வேண்டும். தயவுசெய்து மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றாதீர்கள், உப்பு படியும்.

இன்னொன்று: மே மாத வெயிலில் அறையே 38 டிகிரி என்றால், இரண்டுமே அதற்குக் கீழே குளிர்விக்காது.

படிப்பு, ஆபீஸ் வேலை, சாதாரண கேம் என்றால் ஏர் கூலர், யோசிக்கவே வேண்டாம். மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர், அதிகம் சூடாகும் பிராசசர் வைத்திருப்பவர் லிக்விட் வாங்கலாம். ரேடியேட்டரை கேபினெட்டின் மேல்பக்கம் பூட்டச் சொல்லுங்கள். காற்றுக்குமிழி பம்புக்குள் தங்காது.