மார்கழிக்கு ஒரு லென்ஸ்: நிக்கான் 200-500, இரண்டு சீசன் கழித்து

கல்யாண போட்டோகிராபருக்கு வருஷத்தில் இரண்டு மாதம் கை சும்மா இருக்கும். ஆடி, மார்கழி. ஆடி மாதம் பாக்கி வசூல், ஆல்பம் டிசைன், கேமரா சர்வீஸ் என்று ஓடிவிடும். மார்கழிதான் எனக்கே எனக்கு. பாளையங்கோட்டையிலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். வருஷம் முழுக்க மண்டபத்தில் "இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்" என்று கேட்டுக் கேட்டுக் களைத்த காதுக்கு, குளத்துக் கரையில் வரித்தலை வாத்துகள் போடும் சத்தம் எவ்வளவோ மேல்.

பல வருஷம் கல்யாணத்துக்கு வைத்திருந்த 70-200 எஃப் 2.8 லென்ஸை வைத்தே ஒப்பேற்றினேன். (70-200 என்பது எம்.எம். கணக்கில் ஜூம், எண் பெரிதானால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.) வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், குளம் அழகாக இருக்கும், மரம் அழகாக இருக்கும், நடுவில் கொசு அளவுக்கு ஒரு வாத்து இருக்கும். வெட்டி வெட்டிப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். 2023இல் நிக்கான் டி500 கேமரா பாடி ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியதும், சரி, இனி நீள லென்ஸ் இல்லாமல் ஆகாது என்று முடிவு செய்தேன்.

என் பட்ஜெட்டைச் சுற்றி இருந்தவை மூன்று. சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 ஜி2, நிக்கான் 200-500 எஃப் 5.6. சிக்மாவிலேயே ஸ்போர்ட்ஸ் என்று இன்னொன்று உண்டு. அது 2,860 கிராம். கல்யாண வீட்டில் நாள் முழுக்க கேமரா தூக்குகிற தோளுக்கு லீவு நாளிலும் அந்தத் தண்டனை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஜூம் இல்லாத நிக்கான் 500 எஃப் 5.6 பி.எஃப். வெறும் 1,460 கிராம், ஆசையாகத்தான் இருந்தது. விலையைக் கேட்டதும் ஆசை அடங்கியது. (பிறகு வேறொரு காரணத்துக்காக அதை வாங்காததற்குச் சந்தோஷப்பட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.)

எல்லோரும் கேட்கிற கேள்வி, 600 கிடைக்கும்போது எதற்கு 500? நானும் ஒரு வாரம் இதிலேயே குழம்பினேன். கடைசியில் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாமக்கோழி சுமார் 40 சென்டிமீட்டர் நீளம். அது 60 மீட்டர் தள்ளி மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி500இல் 500 எம்.எம். போட்டால் படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கை அது அடைக்கும். 600 போட்டால் ஆறில் ஒரு பங்கு. அதே ஆறில் ஒரு பங்கு, 500 லென்ஸோடு பத்து மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலும் கிடைக்கும். பத்து மீட்டர் என்றால் கரையில் பத்துப் பன்னிரண்டு எட்டு. பறவையைக் கலைக்காமல் அந்தப் பத்து எட்டைக் கடக்கத்தான் அரை மணி நேரம் ஆகும். ஆனால் அதற்குக் காசு இல்லை.

இன்னொரு பக்கம், "5.6 ரொம்ப வெளிச்சம், 6.3 இருட்டு" என்கிறவர்கள். (150-600 இரண்டும் 600இல் எஃப் 6.3.) இதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாகிற ஒரு படி. இரண்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு ஸ்டாப்தான். ஒன்றில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 1600 என்றால் மற்றதில் 2000. மூன்று லென்ஸுக்கும் முன்னால் மாட்டுகிற ஃபில்டரே 95 எம்.எம்.தான், ஏறக்குறைய ஒரே வாய். 5.6 எனக்குப் பிடித்த காரணம் வேறு. 200இல் இருந்து 500 வரை அது மாறாது. மேனுவலில் படமெடுத்தே பழகிய கை எனக்கு. ஜூம் செய்யும்போது அபெர்ச்சர் தானாக நகர்ந்தால் எரிச்சல் வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு 150-600ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். என்ன பிராண்ட் என்று சொல்லப் போவதில்லை. வாடகை லென்ஸ் எத்தனை பேர் கையில் இடிபட்டு வந்ததோ, பாவத்தைத் தயாரித்தவர்கள் தலையில் போடக் கூடாது. எடுத்த படம் எல்லாவற்றிலும் இடது ஓரம் மங்கல். பறவை நடுவில் இருந்தால் தெரியாது, இடது பக்கம் வந்தால் இறகு மாவாகிவிடும். உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். 800 ரூபாய் வாடகை கொடுத்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: லென்ஸின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, நம் கைக்கு வரும் அந்த ஒரு பீஸைப் பார்த்து வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் "புத்தம் புதுசு மாதிரி" என்று படங்கள் அனுப்பினார். ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய், செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே ஃபங்கஸ், சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக. "அது படத்துல வராது தம்பி" என்றார். படத்தில் வராதுதான், இப்போதைக்கு. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

2023இல் நிக்கான் மிரர்லெஸ் கேமராக்களின் இசட் மவுன்ட்டுக்கு 180-600 வந்தது எனக்கு யோகம். மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் எல்லாம் பழைய 200-500ஐ விற்கத் தொடங்கினார்கள். அப்போது புதிது ஒரு லட்சத்தைத் தாண்டிய லென்ஸ், நாகர்கோவிலில் ரிட்டயர்ட் அதிகாரி ஒருவரிடம் 62 ஆயிரத்துக்கு இருந்தது. வீட்டுக்குப் போனதும் மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் லென்ஸை வைத்திருந்தார். பார்த்ததுமே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "நல்லா பாத்துக்கிடுங்க தம்பி. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்ததில் இரண்டு தூசி, அவ்வளவுதான். ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளுகிற லென்ஸ் தூசி இழுக்காமல் இருக்காது. ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பி எங்காவது மணல் நெரிகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். வி.ஆர். (கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி) போட்டு ஷட்டரை அரை அழுத்து அழுத்தினால் மெல்லிய "கிர்" சத்தம், வ்யூஃபைண்டரில் எதிர்வீட்டு மொட்டை மாடி ஆடிக்கொண்டிருந்தது அப்படியே நின்றது. அந்த மாடியில் கறுப்புத் தண்ணீர் டேங்க் ஒன்று. அதன்மேல் இருந்த வெள்ளை எழுத்துகளை 500இல், 5.6இல், படத்தின் நடுவில், நாலு மூலையில் என்று வைத்து வைத்து எடுத்தேன். எல்லா மூலையிலும் எழுத்தின் ஓரம் ஒரே மாதிரி இருந்தது. 58 ஆயிரத்துக்கு முடிந்தது. கிளம்பும்போது அவரே வாசல்வரை வந்து, "கூந்தன்குளம் போனா எனக்கு ஒரு படம் அனுப்புங்க" என்றார்.

மார்கழிக்காகக் காத்திருந்தேன். அந்த வருஷம் மார்கழி முதல் தேதி, டிசம்பர் 17, மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது எல்லோருக்கும் தெரியும். லென்ஸும் கல்யாண ஹார்ட் டிஸ்குகளும் மாடியில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இருந்தன. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஆறு. ஃபங்கஸ் பயம் அப்போதுதான் உண்மையாக வந்தது. இன்றுவரை தப்பித்திருக்கிறது.

வெளியே போக முடியாத நாட்களில் மாடியிலேயே டெஸ்ட் செய்தேன். டிரைபாட், வி.ஆர். ஆஃப், பன்னிரண்டு மீட்டர் தள்ளி சுவரில் தினத்தந்தி வரிவிளம்பரப் பக்கம். டி500இல் ஃபோகஸைத் தானாகத் திருத்திக்கொள்ளும் ஆட்டோ ஃபைன் ட்யூன் வசதி உண்டு. ஒருமுறை செய்துவிட்டு நம்பக் கூடாது. ஐந்து தடவை செய்ததில் 3, 6, 4, 5, 4 என்று வந்தது. 4இல் வைத்தேன். அதற்கு முன் "வீடு விற்பனைக்கு" என்ற வரி படித்தால் புரிகிற அளவுக்கு இருந்தது. பிறகு அச்சு மையின் பிசிறு தெரிந்தது. லென்ஸ் சுமார்தான் என்று விற்றுவிட்டுப் போகிற பலர் இந்த ஒரு வேலையைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 5.6க்கும் 8க்கும் வித்தியாசம் தேடினேன். இருக்கிறது, ஆனால் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதற்காக ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்க எனக்கு மனசில்லை. கையில் பிடித்து 1/60 நொடி ஷட்டரில் பத்துப் படம் எடுத்ததில் ஏழு தேறின. வரிவிளம்பரம் பறக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பறக்கிற நாரைக்கு 1/1600க்குக் கீழே நான் போவதில்லை.

ஜனவரியில் முதல் கூந்தன்குளம். விடிந்தும் விடியாத ஆறரை மணி, ஐஎஸ்ஓ 3200. லென்ஸும் பாடியும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். மூன்று கிலோ என்பது எடுத்த உடனே தெரியாது, நாற்பது நிமிஷம் கழித்துத் தெரியும். இடது உள்ளங்கையை லென்ஸின் ஃபுட்டுக்கு (டிரைபாடில் மாட்டுகிற கால்) அடியில் கொடுத்து, முழங்கையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்சை ஆறு மீட்டருக்கு அப்பால் என்று வைத்துக்கொண்டால் நாணலுக்கும் வாத்துக்கும் நடுவே ஃபோகஸ் அலைவது பாதி குறையும். ஆனாலும் இது மெதுவான லென்ஸ்தான். கூழைக்கடா, நாரை, பூநாரை, இவையெல்லாம் அவசரப்படாத ஜென்மங்கள், பிடித்துவிடலாம். மீன்கொத்தி தண்ணீரில் பாய்வதை இரண்டு சீசனாக முயல்கிறேன். தண்ணீர் தெறித்த படம் நிறைய இருக்கிறது.

ஒன்பதரைக்கு மேல் எடுத்த படமெல்லாம் சொதசொதவென்று இருந்தது. ஃபோகஸ் போய்விட்டதோ என்று வயிறு கலங்கியது. மறுநாள் அதே கரையில் நின்று, எதிர்க்கரை மரத்தை ஏழு மணிக்கு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று எடுத்துப் பார்த்தேன். ஏழு மணிப் படத்தில் கூட்டுக் குச்சிகளை எண்ணலாம். பதினோரு மணிக்கு மரமே நெளிந்தது. கானல். தரை சூடேறி, காற்று கொதித்து நடுவில் நிற்கும்போது எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாலும் ஒன்றும் ஆகாது. லென்ஸை 1.4 மடங்கு நீட்டுகிற கன்வெர்ட்டர் மாட்டி 700 ஆக்கினாலும் கானல்தான் பெரிதாகத் தெரியும். வெளிச்சம் வேறு எஃப் 8க்கு இறங்கிவிடும். இப்போதெல்லாம் ஒன்பதரைக்கு டீக்கடை.

அந்த டீக்கடையில்தான் 500 பி.எஃப். வாங்காதது நல்லதாகப் போயிற்று என்று தெரிந்தது. கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை. ஊருக்குள், வீட்டுக் கொல்லை மரங்களிலும் கட்டுகின்றன. கீழே ஒரு ஆச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார், தலைக்கு மேலே நாரைக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பத்து மீட்டரில் ஒரு மீட்டர் உயரப் பறவை. 500இல் கழுத்தும் அலகும்தான் அடங்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஜூமை 200க்குக் கொண்டுவந்தால் முழு நாரையும் ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. "எங்க வீட்டு நாரைய எடுக்கியளா? எடுங்க, எடுங்க. சத்தம் போடாம எடுங்க" என்றார் ஆச்சி.

குறை இல்லாமல் இல்லை. 200இலிருந்து 500க்கு ஒரே திருப்பில் போக முடியாது. கையை எடுத்து மறுபடி பிடித்துத் திருப்ப வேண்டும். நாரை தலைக்கு நேரே வரும்போது அந்த அரை நொடி போய்விடும். டாம்ரான் ஜி2இல் ஃபுட்டே டிரைபாட் கிளாம்பில் நேராகப் பொருந்தும், இதில் அந்தப் பள்ளம் கிடையாது. வண்ணார்பேட்டை லேத் பட்டறையில் அலுமினியத் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கடைந்து மாட்டினேன், 450 ரூபாய். மழைக்கு இதை நம்ப மாட்டேன். பால் கவரை வெட்டி ஒட்டிய உறை ஒன்று பையிலேயே கிடக்கிறது. பையைப் பற்றிச் சொன்னால், குழலை முழுக்க உள்ளே தள்ளி 200இல் லாக் போட்டாலும் இது சாதாரண கேமரா பைக்குள் படுக்காது.

கல்யாண வேலைக்கு இதனால் பிரயோஜனம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன தை மாதம் ஒரு கிராமத்துக் கோயிலில் கும்பாபிஷேக ஆர்டர். கோயில் கமிட்டிப் பெரியவர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்: "அய்யர் தண்ணி ஊத்துறத நீங்க விட்டாலும் விடுங்க. கருடன் வந்தா விட்டுராதீங்க." 70-200ஐத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, நான் எதிர்த் திண்ணையில் 200-500ஓடு உட்கார்ந்தேன். மேளம் உச்சத்துக்குப் போனபோது கிழக்கே ஒரு புள்ளி. செம்பருந்துதான், வெள்ளைத் தலை, செங்கல் நிற இறக்கை. மூன்று சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றில் கலசமும் அதுவும் ஒரே ஃபிரேமில் வந்தன, 420 எம்.எம்., 1/2000. அந்தப் படத்தை இருபத்துநாலுக்கு முப்பத்தாறு பிரேம் போட்டு முப்பது காப்பி கேட்டார்கள். லென்ஸ் விலையில் பாதி அங்கேயே வந்துவிட்டது.

நாகர்கோவில் சாருக்கும் ஒரு காப்பி அனுப்பினேன். போன் செய்து, "வி.ஆர். நார்மல்லயா, ஸ்போர்ட்லயா?" என்று மட்டும் கேட்டார். ஸ்போர்ட் என்றேன். "ம்ம்" என்று வைத்துவிட்டார்.