டார்க்த்ரோன், மேஹெம், எம்பரர்: இசைத்தட்டில் எது நிலைக்கிறது?

சிதைந்த கிதாரும் அலறும் குரலும் கொண்ட கடும் ராக் வகையான நார்வேயின் பிளாக் மெட்டல் இசையில், 1994ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேசப்படும் மூன்று குழுக்களின் மூன்று ஆல்பங்கள் உண்டு. டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்', மேஹெமின் 'டி மிஸ்டீரியிஸ் டோம் சதனாஸ்', எம்பரரின் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' ஆகிய மூன்றும் 1992க்கும் 1993 இறுதிக்கும் இடையில் ஒலிப்பதிவானவை. இவற்றில் எது சிறந்த இசை என்னும் விவாதம் முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதைத் தீர்ப்பது என் நோக்கம் அல்ல. மூன்றையும் வினைல் இசைத்தட்டாக வாங்க நினைப்பவர், எதற்குப் பணம் கொடுக்கலாம், எந்தப் பதிப்புக்குக் கொடுக்கலாம் என்பதே இங்கு என் கேள்வி. பல ஆண்டுகள் மூன்றையும் மாறிமாறிக் கேட்டபின் நான் வந்தடைந்த முடிவு எனக்கே வியப்பளித்தது: மிக எளிய கருவியில், மிகக் குறைந்த வசதியோடு பதிவான ஆல்பமே தட்டில் மிக நன்றாக ஒலிக்கிறது, மிகச் செறிவான இசையமைப்பு கொண்டதே தட்டில் மிக அதிகமாக இழக்கிறது.

இதற்குக் காரணம் ரசனையில் மட்டும் இல்லை, தட்டின் உடலமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் 12 அங்குலத் தட்டில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஒலி பதிந்த பள்ளம் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் கடந்துபோகிறது. உள்வட்டத்தை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, ஒரு பக்கத்தின் முதல் பாடலுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிக்கும் குறைவான இடமே அதன் கடைசிப் பாடலுக்குக் கிடைக்கிறது. உயர்சுருதி ஒலிகளின் நெளிவுகள் அங்கே நெருக்கமாகக் குவிந்து, ஊசியின் முனையால் முழுமையாகத் தொடர முடியாதபடி ஆகிவிடுகின்றன. சிம்பல் ஒலி சரசரப்பாக உடைவதும், பாடகரின் 'ஸ' ஒலி கிழிவதும் இதனால்தான். கீழ்ச்சுருதியின் சிக்கல் வேறு வகையானது. பேஸ் ஒலி பள்ளத்தை அகலமாக ஆட்டும். அடுத்தடுத்த பள்ளங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் இருக்க இடைவெளி வேண்டும். இடைவெளி கூடினால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். ஆகவே ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் வரை வசதியாக வெட்டலாம், அதாவது பள்ளமாகச் செதுக்கலாம். 22ஐத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட நேரும். குறைத்தால் தட்டின் சொந்த இரைச்சல் முன்னுக்கு வரும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு டிரான்சில்வேனியன் ஹங்கரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்லோவுக்குத் தெற்கே உள்ள கோல்பொட்ன் என்னும் ஊரைச் சேர்ந்த, டார்க்த்ரோனின் ஃபென்ரிஸ், நான்கு தடம் கொண்ட கையடக்கக் கேசட் ஒலிப்பதிவுக் கருவியில், கிதார், பேஸ், டிரம்ஸ் அனைத்தையும் தாம் ஒருவரே வாசித்து இதைப் பதிவு செய்தார். நாக்டர்னோ குல்டோ குரல் மட்டும் கொடுத்தார். 1994 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனம் இதை வெளியிட்டது. மொத்த நீளம் 39 நிமிடம். எட்டுப் பாடல்களை நான்கு நான்காகப் பிரித்தால் ஒரு பக்கம் 18 நிமிடத்துக்கும் குறைவு, மற்றது சுமார் 21 நிமிடம். வெட்டுபவருக்கு இதைவிட இசைவான கணக்கு அமையாது. அதற்கும் மேலாக, இந்த ஆல்பத்தில் பேஸ் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். கிதார் ஒரே தொடர்ச்சியான நடுச்சுருதி இழையாக ஓடுகிறது. டிரம்ஸ் தாளம் மாறாமல் பின்னால் நடக்கிறது. ஒலியளவு பாடலின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒன்றாகவே இருக்கிறது. திடீரென்று பள்ளத்தை அகலமாக்கச் சொல்லும் எதுவும் இதில் கிடையாது.

கேசட்டின் இரைச்சல் ஏற்கெனவே இசையின் ஒரு பகுதியாகிவிட்டதால், தட்டின் இரைச்சல் அதனோடு கலந்து தனியாகக் காதில் விழுவதில்லை. உள்வட்டத்தில் ஒலி சிதைந்தாலும், கிதாரே முழுக்கச் சிதைந்த ஒலியாக இருப்பதால் அந்தச் சிதைவு பளிச்சென்று தெரிவதில்லை. 'என் ஓஸ் இ டீபே ஸ்கோகன்' என்னும் கடைசிப் பாடல் உள்வட்டத்தின் மிக நெருக்கடியான இடத்தில் முடிகிறது; ஆயினும் அதை நான் எத்தனை முறை கேட்டும் குறையாக எதையும் உணர்ந்ததில்லை. குறுந்தகட்டில் கேட்கும்போது இந்த ஆல்பத்தின் மேல்சுருதி சற்றுக் கூர்மையாகக் காதைக் குத்துவதுண்டு. தட்டில் அந்த விளிம்பு மழுங்கி, கிதார் இழை பனிமூட்டம் போல் அறை முழுவதும் பரவுகிறது. இந்த இசை எதை நாடியதோ அதைத் தட்டு கொடுக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேஹெமின் ஆல்பம் முற்றிலும் வேறு வகைப் பதிவு. பெர்கன் நகரின் கிரிக்ஹாலன், அந்நகரின் பில்ஹார்மனிக் இசைக்குழு வாசிக்கும் பெரிய கச்சேரி அரங்கம். அங்கே பிட்டன் என்று அறியப்படும் ஐரிக் ஹுன்ட்வின் ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டார். ஹெல்ஹாமரின் டிரம்ஸில் அந்தக் கட்டடத்தின் எதிரொலி அப்படியே பதிந்திருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு வெற்றிடம் திறந்து மூடுவதை நல்ல ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கலாம். இந்த ஆழமே தட்டுக்கு ஏற்ற செல்வம். ஆனால் 46 நிமிட நீளம் அதற்கு எதிராக நிற்கிறது. பக்கத்துக்கு 23 நிமிடம் என்று ஒற்றைத் தட்டில் வெட்டும்போது ஒலியளவைக் குறைத்தாக வேண்டும். அப்போது அந்த எதிரொலியின் மெல்லிய வால்கள் தட்டின் இரைச்சலுக்குள் மூழ்கிப் போகும். 'ஃப்ரீசிங் மூன்' முதல் பக்கத்தின் இரண்டாவது பாடலாக இருப்பது கேட்பவரின் நல்வாய்ப்பு, ஏனெனில் பள்ளத்துக்கு இடம் தாராளமாக உள்ள பகுதியில் அது வந்துவிடுகிறது. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய கடைசிப் பாடலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அட்டிலா சிஹார் மந்திரம் ஓதுவது போல் குரலை இழுத்து நிறுத்தும் இடங்கள் உள்வட்டத்திலேயே விழுகின்றன.

பேஸைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் பின்னணி இந்த ஆல்பத்தின் மிகத் துயரமான பகுதி. பேஸ் வாசித்த வர்க் விக்கர்னெஸ், 1993 ஆகஸ்ட் 10 அன்று கிதார் கலைஞர் யூரோனிமஸைக் கொன்றார். மகனைக் கொன்றவரின் வாசிப்பு ஆல்பத்தில் இருக்கக்கூடாது என்று யூரோனிமஸின் பெற்றோர் கேட்டுக்கொண்டனர். ஹெல்ஹாமர் அதை நீக்கவில்லை. கலவையில் தாழ்த்தி மட்டும் வைத்தார். ஆகவே 1994 மே மாதம் வெளிவந்த ஆல்பத்தில் பேஸ் அடியாழத்தில் மங்கலாகவே கேட்கிறது. தட்டு வெட்டுபவரின் கணக்கில் மட்டும் பார்த்தால் இது இடத்தை மிச்சப்படுத்துகிறது. கேட்பவருக்கோ இந்த விவரம் தெரிந்தபின் அந்த மங்கலை வெறும் தொழில்நுட்பமாகக் கேட்க முடிவதில்லை.

எம்பரரின் ஆல்பத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனால் இதைச் சொல்வது எளிதாக இல்லை. 1993 ஜூலையில் அதே கிரிக்ஹாலனில், அதே பிட்டனின் மேற்பார்வையில் பதிவான இந்த ஆல்பம், கிதாருக்கு மேல் அகன்ற கீபோர்டு அடுக்குகளை எழுப்பி, ஒரு வாத்தியக் குழுவின் பிரம்மாண்டத்தை நான்கு இளைஞர்களின் கையில் வைத்தது. கிறிஸ்டியன் வோலின் வரைந்த நீலநிற உறையை 12 அங்குல அளவில் பார்ப்பதே தனி இன்பம். ஆனால் நீளம் 48 நிமிடத்துக்கும் மேல். முன்னுரையோடு முதல் நான்கு பாடல்களை ஒரு பக்கத்தில் வைத்தால் அந்தப் பக்கம் 26 நிமிடத்தைத் தாண்டுகிறது. மூன்று பாடல்களோடு நிறுத்தினால் மறுபக்கம் 27ஐத் தாண்டுகிறது. பாடல் வரிசையை மாற்றாமல் இந்த ஆல்பத்தை ஒற்றைத் தட்டில் சரியாகப் பகிர வழியே இல்லை.

அதன் விளைவு காதில் தெரிகிறது. ஒலியளவு குறைந்த தட்டில் நாம் பெருக்கியை ஏற்றுகிறோம். இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. இடவலமாக விரியும் கீபோர்டும், அதனோடு மோதும் சிம்பலும், சிதைந்த கிதாரும் ஒரே பள்ளத்தில் நெருக்கப்படும்போது, முதலில் காணாமற்போவது அவற்றுக்கு இடையிலான இடைவெளியே. இறுதிப் பாடலான 'இன்னோ ஆ சதானா'வில் பாடகர் இசான் அலறலை விட்டுத் தெளிவான குரலில் பாடும் இடங்கள் வருகின்றன. சிதைந்த கிதார் தன் சிதைவை மறைத்துக்கொள்ளும். தூய குரலால் அது முடியாது. என்னிடம் முன்பு இருந்த கூம்பு முனை ஊசியில் அந்தப் பகுதி பொறுக்க முடியாததாக இருந்தது. நீள்வட்ட முனைக்கும் பின்னர் அதைவிட நுண்ணிய முனைக்கும் மாறிய பிறகு நிலைமை பெரிதும் தேறியது. ஆயினும் குறுந்தகட்டில் கேட்கும் திறப்பு ஒற்றைத் தட்டில் எனக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

இனி, எந்தப் பதிப்பு என்ற கேள்வி. முதல் பதிப்புகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கேட்கும் விலை, அவற்றின் ஒலிக்கான விலை அன்று; அரிதாகிவிட்டதற்கான விலை. டிரான்சில்வேனியன் ஹங்கரைப் பொறுத்தவரை, ஒழுங்காக வெட்டப்பட்ட மறுபதிப்பே போதும் என்பேன். இந்த இசை எளிதில் கெட்டுப்போவதில்லை. மேஹெமுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்: பின்னாளில் சத்தத்தை உயர்த்தி அமுக்கிச் செய்த மறுசீரமைப்பிலிருந்து வெட்டிய தட்டு அந்த அரங்க எதிரொலியைக் கொன்றுவிடும் என்பதால், எந்த மூலத்திலிருந்து, யார் வெட்டினார் என்ற விவரத்தை விசாரிப்பது அவசியம். பாடல் முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறப்பட்டிருக்கும் எழுத்துகளும் எண்களும் இதற்கு உதவும். வெட்டியவரின் முதலெழுத்துகள் பல நேரம் அங்கேயே இருக்கும். 180 கிராம் எடை என்ற விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதில்லை. கனமான தட்டு கைக்கு நிறைவாக இருக்கலாம், ஆனால் பள்ளத்தின் ஆழம் அதனால் கூடுவதில்லை. படம் பதித்த தட்டுகளைக் கேட்பதற்காக வாங்கவே வேண்டாம். படத்தின்மேல் ஒட்டப்படும் மெல்லிய ஒளிபுகு படலத்தில் பள்ளம் பதிவதால் இரைச்சல் மிகுதி.

சேகரிப்பு ஆசையால் சிலர் தேடும் ஒன்றை நான் வெளிப்படையாக மறுக்கிறேன். 1990இல் நார்வேயின் சார்ப்ஸ்போர்க் ஊரில் நடந்த மேஹெம் கச்சேரியை, 1995இல் குழுவின் அனுமதியின்றித் தட்டாக்கி, தற்கொலை செய்துகொண்ட பாடகர் டெட்டின் உடலைப் படம்பிடித்த புகைப்படத்தை உறையாகவும் போட்டார்கள். அந்த இளைஞரின் கடைசி நிலையைக் காட்சிப்பொருளாக்கிய பொருளுக்கு அரிதானது என்ற மதிப்புகூடக் கொடுக்கத் தேவையில்லை.

இந்த அறவிசாரணை மூன்று ஆல்பங்களையும் விட்டுவைப்பதில்லை. டிரான்சில்வேனியன் ஹங்கரின் கடைசி நான்கு பாடல்களுக்கு வரிகள் எழுதியவர் விக்கர்னெஸ். முதல் பதிப்பின் பின்னட்டையில் 'நார்வேய ஆரிய பிளாக் மெட்டல்' என்று பொருள்படும் வாசகம் அச்சாகியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த 'பான்சர்ஃபவுஸ்ட்' ஆல்பத்தில், தாங்கள் நாஜிக் குழுவும் அல்ல, அரசியல் குழுவும் அல்ல என்று டார்க்த்ரோன் அச்சிட்டது. எம்பரரின் டிரம்ஸ் கலைஞர் ஃபாஸ்ட், 1992இல் லில்லேஹாமரில் ஒருபாலீர்ப்பு கொண்ட ஒருவரைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டவர். வாங்குபவர் இவற்றை அறிந்தே வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த வாசகம் அச்சான முதல் பதிப்பைப் பெருமைக்குரிய பொருளாகச் சுவரில் மாட்டுவதைவிட, அது இல்லாத மறுபதிப்பைக் கேட்பதே எனக்கு உகந்தது.

ஆகவே ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால், டிரான்சில்வேனியன் ஹங்கரின் மறுபதிப்பை வாங்குங்கள். இரண்டாவதாக மேஹெமை, வெட்டியவர் யார் என்று உறுதிசெய்தபின் வாங்குங்கள். எம்பரரை ஒற்றைத் தட்டில் வாங்குவதைத் தவிர்த்து, பக்கத்துக்கு 12 நிமிடம் என்று இரண்டு தட்டுகளில் பிரித்து 45 சுற்றில் வெட்டிய பதிப்பு கைக்கு எட்டினால் மட்டும் வாங்குங்கள். அந்த வேகத்தில் உள்வட்டத்திலும் பள்ளத்துக்கு 35 விழுக்காடு கூடுதல் இடம் கிடைக்கும். பக்கம் குறுகியதாக இருப்பதால் ஊசி உள்வட்டத்தின் கடைசி எல்லை வரை போகவும் தேவையிருக்காது. அத்தகைய பதிப்பு கிடைக்கும்வரை அந்த ஆல்பத்தை நான் குறுந்தகட்டிலேயே கேட்டுவருகிறேன்.