உப்புவெளிப் பக்கத்துத் தனியார் மலக்குழிப் பவுசர்: வேலை சுத்தம், அடிச்சேறு மிச்சம்

திருகோணமலையிலிருந்து உப்புவெளி, நிலாவெளி வரை கூப்பிட்டால் வந்து மலக்குழி அள்ளும் தாங்கி வண்டி, அதாவது பவுசர் இது. கொள்ளளவு 4,000 லீற்றர். குழாய் 30 மீற்றர் நீளும் என்பதால் வண்டியை ஒழுங்கை முனையில் விட்டே வேலையை முடிக்கிறார்கள். மூடியைத் திறந்து காற்றுப் போகவிட்ட பிறகுதான் குழாயை இறக்குகிறார்கள். குழிக்குள் ஆள் இறங்குவதே இல்லை. குழியில் உண்டாகும் நச்சு வாயுவான ஐதரசன் சல்பைட்டுச் செறிவாக நின்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். அதனால் இந்தக் கவனத்துக்கே முழுப் புள்ளி.

குறை அடிச்சேற்றில். குழாய் முதலில் இழுப்பது மேலே நிற்கும் தண்ணீரை. பவுசர் நிரம்பியதும் மூடியைப் போட்டால் இறுகிய சேறு கீழேயே கிடக்கும். பிறகு அது, கழிவுநீரை மண்ணுக்குள் ஊறவிடும் ஊறல் குழிக்குப் போய் மண்ணை அடைக்கும். இழுத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திருப்பி அடித்து, சேற்றைக் கலக்கி, மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. நீளத் தடியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுத்தால் சேற்றின் உயரம் கறுப்பாகத் தெரியும். ஆழத்தில் மூன்றில் ஒன்றைத் தொட்டால் அள்ளும் நேரம். அள்ளிய பிறகும் காசு கொடுக்குமுன் அதே தடியால் பாருங்கள்.

மாரிக்கு முன்னமே கூப்பிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் மணல் தரையில் நிலத்தடி நீர் ஏறும். கொங்கிறீற்று வளையம் அடுக்கிய, அடி திறந்த குழி அள்ள அள்ள ஊறும், கொடுத்த காசு தண்ணீருக்கே போகும். பிளாஸ்டிக் தாங்கியோ வெறுமையானதும் மிதந்து குழாய் இணைப்பை முறிக்கும். அள்ளிய கையோடு தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.

குழாயும் எட்டாத உள்வளவுகளுக்கு இவர்களிடம் வழியில்லை. உகண்டாவின் கம்பாலாவில் அதற்குக் ‘கல்பர்’ என்ற கைப்பம்பு இருக்கிறது. துணி, பிளாஸ்டிக்கைக் கொக்கியால் எடுத்துவிட்டு, சேற்றைப் பீப்பாயில் நிரப்பிச் சிறு லொறியில் ஏற்றுகிறார்கள். ஆழக் குழிக்கு அது எட்டாது, ஆனாலும் நெருக்கமான குடியிருப்புக்கு அதுவே கைகொடுக்கிறது. அங்கே சேறு போய்ச்சேர இடமும் உண்டு: 2014இல் திறந்த லூபிகி கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 400 கன மீற்றர் வாங்கக் கட்டப்பட்டது. செனகலின் டாக்காரில் அழைப்பு மையத்துக்குச் சொன்னால் பவுசர்காரர்கள் போட்டிக்கு விலை சொல்வார்கள். இங்கே விலையை நீங்களே முன்கூட்டிப் பேச வேண்டும். இரண்டாம் தடவை வந்தால் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

எங்கே கொட்டுகிறார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. வெறுங்காணியில் கொட்டினால் மணல் வழியே அது யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போகும். இந்தப் பதில் கிடைக்கும்வரை ஐந்துக்கு மூன்றுதான்.