பழைய மரச்சாமானை ‘ஃபார்ம்ஹவுஸ் லுக்’ செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் ஒரு தோழி தன் சாப்பாட்டு மேசையை, என் அலமாரியைக் கெடுத்த அதே பட்டறையில் கொடுக்கப் போவதாகச் சொன்னாள், இனிமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பெயர் போடவில்லை. அவர்கள் செய்கிற விதம் தெரிந்தால் போதும், அதே விதத்தில் செய்கிற யாரையும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து எனக்கும் வந்த டிராயர் அலமாரி அது. ஆறு டிராயர், பித்தளைக் கைப்பிடிகள், மேலே மகாகனி வினீர், அதாவது ஒட்டிய மெல்லிய மரத்தோல். மெருகு போய், ஜன்னல் பக்கம் வெளிறி, பார்க்கவே வாட்டமாக இருந்தது. அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, ஓரங்களைத் தேய்த்து அடி மரம் லேசாகத் தெரிகிற மாதிரி செய்து, பண்ணை வீட்டில் பல காலம் புழங்கிய சாமான் போல ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். டிஸ்ட்ரஸ்ஸிங் என்பார்களே, அதுதான். காட்டிய படங்கள் எல்லாம் அழகு. “சாக் பெயிண்ட்தான் மேடம் போடுவோம், மேல மெழுகு போட்டுடுவோம், வருஷக்கணக்கா அசையாது” என்றார் பட்டறைக்காரர். பாதிப் பணம் முன்னாலேயே கொடுத்தேன். கூடவே பச்சை பெயிண்ட் அடித்த ஒரு பழைய பெஞ்சையும் ஏற்றி அனுப்பினேன்.

அலமாரி திரும்பி வந்தது ஒரு மாலை, இருட்டுகிற நேரம். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை வெயில் பட்டதும்தான் விஷயம் புரிந்தது. தேய்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வொரு டிராயர் முகப்பிலும் நட்ட நடுவில் ஒரு தேய்ப்பு, பக்கவாட்டுப் பலகையில் சாண் இடைவெளி விட்டு ஒரு தேய்ப்பு, முத்திரை குத்தியது போல.

ஒரு மரச்சாமான் தானாகத் தேய்ந்தால் எங்கே தேயும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கை படுகிற இடத்தில் தேயும்: கைப்பிடியைச் சுற்றி, டிராயரைத் தள்ளி மூடும் மேல் விளிம்பில், மேல்பலகையின் முன் ஓரத்தில். துடைப்பமும் காலும் இடிக்கிற அடிப்பாகத்தில் தேயும். பலகையின் நடுவில் யார் கை போய்த் தேய்க்கும்? உள் மூலைகளில் தேயவே தேயாது, அங்கே அழுக்குதான் சேரும், அதனால்தான் கைதேர்ந்தவர்கள் அந்த இடுக்குகளில் கருப்பு மெழுகைத் துளி விட்டுத் துடைத்தெடுப்பார்கள். இதைக் கேட்டதற்குத்தான் பட்டறைக்காரர் இந்தப் பதிலை முதல்முறையாகச் சொன்னார்: “மேடம், அதுதான் ரஸ்டிக் லுக்.” அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

இந்த வேலையின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சாதாரண பெயிண்ட் வேலையில் உரிந்தால் உரிந்தது, கறை தெரிந்தால் கறை, யாரும் மறுக்க முடியாது. இங்கே உரிவதும் கீறுவதும் கறைபடுவதும்தான் கேட்டு வாங்கிய அழகு என்பதால், எந்தக் குறையையும் அதன் கணக்கில் எழுதிவிடலாம். படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது வாரம் மேல்பலகையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை எழும்பியது. தேநீர் கொட்டிக் காய்ந்த மாதிரி, விளிம்பு மட்டும் அடர்த்தியாக. நான் ஏதோ சிந்திவிட்டேன் என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, அடுத்த நாள் இன்னும் பரவியிருந்தது. மகாகனி, ஓக் போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தும் பழைய சாயமும் தண்ணீர் கலந்த வெளிர் பெயிண்டில் ஊறி மேலே வந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. மேலே இன்னொரு கோட் வெள்ளை அடித்தாலும் மறுபடி வரும். அதைத் தடுக்க முதலில் ஷெல்லாக், அதாவது அரக்கு சேர்ந்த ப்ரைமர் ஒரு கோட் போட வேண்டும். மகாகனி என்று பில்லில் அவரே எழுதியிருக்கிறார், ப்ரைமர் போடவே இல்லை. கேட்டேன். “பழைய சாமான்னா கறை இருக்கத்தான் செய்யும் மேடம்.”

அப்புறம் ஒரு நாள் ஈரமான தம்ளரை வைத்து எடுத்தேன், வட்டமாகப் பெயிண்ட் கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்ததும் பாலாடை மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு உரிந்தது. உரிந்த தோலின் அடிப்பக்கம் பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசை. வாஸ்லின்! பெயிண்ட் ஒட்டக் கூடாத இடத்தில் மெழுகோ வாஸ்லினோ தடவி மேல் கோட் அடித்தால் பிறகு அந்த இடம் சுலபமாக உரியும், இது எல்லாரும் செய்கிற உத்திதான். ஆனால் விளிம்பில் மெழுகுவர்த்தியை லேசாக ஓட்டுவதற்கும் மேல்பலகை முழுக்க வாஸ்லினைப் பூசிவிட்டு, தேய்த்த பிறகு துடைக்காமலே விடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம். அடியில் அந்தப் பசை இருக்கிற வரைக்கும் உரிதல் நிற்காது, மேலே எந்த மெழுகைப் போட்டாலும் பிடிக்காது.

உரிந்த விதத்தைப் பார்த்ததும் பெயிண்ட் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாக் பெயிண்ட் என்பது 1990ல் ஆனி ஸ்லோன் அந்தப் பெயரில் கொண்டுவந்தது, இப்போது பல நிறுவனங்கள் அந்த வகையில் தயாரிக்கின்றன. காய்ந்தபின் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் மிருதுவான தூளாக உதிரும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் அப்படி உதிராது, அது ரப்பர் மாதிரி. அலமாரியின் பின்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில், 220 நம்பர் உப்புத்தாளை நாலு தடவை ஓட்டினேன். தூளே வரவில்லை. பென்சில் எழுத்தை அழித்தால் ரப்பர் துணுக்கு உருளுமே, அந்த மாதிரி சுருள் சுருளாக உருண்டு தாளில் ஒட்டிக்கொண்டது. சாக் பெயிண்டுக்கான விலையை வாங்கிக்கொண்டு சுவர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எமல்ஷனிலும் இந்த வேலையைச் செய்யலாம், தவறில்லை, அடிப்பரப்பை நன்றாகத் தேய்த்து ப்ரைமர் போட்டுச் செய்தால் நிற்கும். பெயரை மாற்றிச் சொல்லி விற்றதுதான் மோசடி.

இதையெல்லாம் விட மனசு தாங்காத விஷயம் வினீர். பழைய சாமான்களில் மேலே ஒட்டியிருக்கும் அந்த மரத்தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கையால், மரத்தின் ரேகை போகிற திசையில், பதமாகத் தேய்க்க வேண்டிய இடம். இவர்கள் மெஷினை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு டிராயர் முகப்பில் வினீர் முழுசாகப் போய், அடியிலிருக்கும் வேறு மரம் வெளுப்பாகத் தெரிகிறது. பெயிண்டைச் சுரண்டி மறுபடி அடிக்கலாம், கைப்பிடியை மாற்றலாம். தேய்ந்து போன வினீரை ஒட்ட வைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

கைப்பிடி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆறு டிராயருக்குப் பன்னிரண்டு பித்தளைக் கைப்பிடி கொடுத்தேன். திரும்பி வந்ததில் இருந்தவை கருப்பு வண்ணம் பூசிய புது இரும்புக் கைப்பிடிகள். “இந்த லுக்குக்கு இதுதான் செட் ஆகும்” என்றார். பழையது எங்கே என்றால், பட்டறையில் தேடிப் பார்க்கிறேன் என்று ஆறு வாரம் இழுத்தடித்து, கடைசியில் ஐந்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். தயவுசெய்து கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு சாமானை மட்டும் அனுப்புங்கள். டிராயர் ஒவ்வொன்றையும் திறந்த நிலையில் படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் பச்சை பெஞ்சு விஷயத்தை விட்டுவிட முடியாது, ஏனென்றால் அது பணம் சம்பந்தப்பட்டதே இல்லை. கைப்பிடி கேட்கப் போன அன்று, பெஞ்சின் பழைய பெயிண்டை மெஷினால் காய்ந்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தார் ஒரு பையன். பதினெட்டு வயசு இருக்கலாம். முகத்தில் ஒரு துணிகூட இல்லை, புருவமெல்லாம் பச்சைத் தூள். அந்தப் பெயிண்ட் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் சோதிக்கவும் இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978ல்தான், இந்தியாவில் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017ல். ஈயத்தூள் உடம்புக்குள் போவதில் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, சின்னக் குழந்தைகளுக்கு அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பெஞ்சை அப்படியே நிறுத்தச் சொல்லி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். அந்தப் பையனிடம் முகக்கவசம் போடப்பா, துணியை உதறாமல் தனியாகத் துவை என்று சொன்னேன், சிரித்தான். அவன் சிரித்தது இன்னும் மனசில் உறுத்துகிறது. வீட்டிலேயே இந்த வேலையைச் செய்கிறவர்களும் பழைய பெயிண்ட் என்றால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் உப்புத்தாளே வேண்டாம், மெஷின் அறவே கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

சரி, கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் என்ன கேட்பது? முடிந்த சாமானின் படத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஆறு மாதம் முன்பு செய்து இப்போது யாரோ வீட்டில் புழங்குகிற ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் சாமானின் அடிப்பக்கத்திலோ டிராயர் பின்புறத்திலோ உள்ளங்கை அளவு மாதிரி செய்து காட்டச் சொல்லி, ஒரு வாரம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். ப்ரைமர், பெயிண்ட், மேல்பூச்சு மூன்றின் டப்பாவையும் கண்ணால் பாருங்கள். மெழுகு முழுதாக இறுகச் சுமார் ஒரு மாதம் ஆகும், இன்று பூசி நாளைக்கே பாத்திரம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேலை தெரியவில்லை. பகலில் மட்டும் டெலிவரி வாங்குங்கள், மீதிப் பணம் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகு.

என் பணம் திரும்பி வரவில்லை. மறுபடி அடித்துத் தருகிறேன் என்றார், இன்னொரு முறை அந்த மெஷின் அதன் மேல் ஓடுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. இப்போது ஒரு வயதான தச்சர், வினீர் மிச்சம் இருக்கும் நான்கு டிராயரிலிருந்தும் பெயிண்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு டிராயர் முடிந்திருக்கிறது. ஐந்து பித்தளைக் கைப்பிடிகளில் இரண்டை அதில் மாட்டியிருக்கிறோம்.

பட்டறைக்காரர் தன் மாதிரிப் படங்களில் முதலாவதாக இன்னமும் என் அலமாரியைத்தான் வைத்திருக்கிறார். ஆறு டிராயர், வெள்ளை, கருப்புக் கைப்பிடி, மேலே ஒரு பூச்சாடி. அந்தப் படத்தை உங்களுக்கு யாராவது அனுப்பினால், அது வண்டியில் ஏற்றுவதற்குச் சற்று முன் எடுத்தது.