பேட்ஜ் பேப்பர் வெட்டும் பஞ்ச் வாங்கி 6,850 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீங்க

வீட்டில் பட்டன் பேட்ஜ் செய்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் கருவி வாங்குங்கள். நேற்று ராத்திரி பத்து மணி வரை பஞ்சை விற்றவருக்குப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. 6,850 ரூபாய் போய்விட்டது.

எனக்குச் சேலம் அம்மாபேட்டை. அச்சடித்த பேப்பரை வட்டத் தகட்டின் மேல் வைத்து அழுத்திப் பேட்ஜ் ஆக்கும் 58 மி.மீ. மெஷின் வைத்திருக்கிறேன். பிறந்தநாள், பள்ளி விழா என்று முப்பது, நாற்பது ஆர்டர் வரும். அதற்குக் கத்தரிக்கோலே போதும். இந்த ஆடிக்கு எங்கள் ஊர் குகை பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் (சாமி வேடம் போட்டவர்களோடு அலங்கார வண்டிகள் வரும் அம்மன் திருவிழா) வண்டி கட்டுகிற ஒரு குழு, அம்மன் முகம் போட்டு 300 பேட்ஜ் கேட்டது. 300 வட்டத்தைக் கையால் வெட்டி முடிக்க முடியாது என்றுதான் வேறு வழி தேடினேன்.

காம்பஸ் மாதிரி சுற்றி வெட்டும் கட்டர் விலை குறைவு. ஆனால் என்னிடம் இருந்தது நடுவில் ஊசி ஊன்றுகிற வகை. அம்மன் மூக்கில் ஓட்டை விழுந்த பேட்ஜை யார் கையில் கொடுப்பது? பிரிண்டில் இருக்கும் குறியைப் படித்துத் தானே வெட்டும் பிளாட்டர் மெஷின் அருமையானது, விலைதான் எனக்கு எட்டாது. மிச்சம் இருந்தது கைப்பிடியை அழுத்தினால் ஒரே வெட்டில் வட்டம் விழும் பஞ்ச். அதைத்தான் ஒரு ஆன்லைன் விற்பனை ஆப்பில் பார்த்தேன். ‘58 மி.மீ. பேட்ஜ் பஞ்ச்’ என்று போட்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 58 என்பது செய்து முடித்த பேட்ஜின் அளவு. பேப்பர் தகட்டின் விளிம்பைச் சுற்றி மடங்கிப் பின்பக்கம் போய் இறுக வேண்டும். அதனால் என் மெஷினுக்கு 70 மி.மீ. வட்டம் வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விற்பவரிடம் கேட்டேன். நான் வெட்டிய வட்டத்தின் மேல் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் குரல் பதிவு அனுப்பினார்: “அக்கா, கவலையே படாதீங்க. எங்க தங்கச்சியும் வீட்ல இதே வேலைதான் பண்ணுது, இதே பஞ்ச்தான். உக்காரலன்னா நான் திரும்ப எடுத்துக்கறேன்.” அந்தத் தங்கச்சி என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன். நம்மைப் போல ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து இதே வேலை செய்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அப்புறம், “ஆப்புல போட்டா 7,400 ஆகுதுங்க்கா, நேரா அனுப்புனா 6,850 போதும்” என்றார். யூபிஐயில் வேறு ஒரு பெயர் வந்தது. “அண்ணன் அக்கவுண்டுங்க்கா” என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. நல்ல கனம், புது எண்ணெய் வாசனை. அச்சடித்த தாளை வைத்து அழுத்தினேன். டக்கென்று விழுந்த வட்டத்தைத் தகட்டின் மேல் வைத்தேன். ஓரத்தோடு ஓரமாக நின்றது, ஒரு நூல் கூட வெளியே வரவில்லை. ஸ்கேல் வைத்தால் சரியாக 58. அம்மன் கிரீடம் பாதி வெட்டுப்பட்டிருந்தது. மனசு கேட்காமல் மெஷினில் வைத்தும் அழுத்திப் பார்த்தேன். பேப்பர் நகர்ந்து, ஒரு பக்கம் வெறும் தகரம் தெரிந்தது.

அன்றைக்கே போன் செய்தேன். முதலில் “உங்க மெஷின்ல டை தேஞ்சிருக்கும்” என்றார், பேட்ஜை அழுத்தும் அச்சைச் சொல்கிறார். இல்லை என்று வீடியோ அனுப்பினேன். “பேப்பர் தடிமன்க்கா” என்றார். நான் போட்டது 100 ஜிஎஸ்எம் (பேப்பரின் கனத்தைச் சொல்லும் அளவு), அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாம் நாள் “பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம்.” பிரிக்காமல் எப்படி வெட்டிப் பார்ப்பது? நாலாம் நாள், “கொரியர் காசு நீங்க கட்டி அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்.” 6,850 ரூபாயைக் கொடுத்துவிட்டு மேலே கொரியருக்கும் நான் கட்ட வேண்டுமாம். அதற்கப்புறம் போனே எடுப்பதில்லை. ஆப்பில் கேட்டால், வெளியே பணம் அனுப்பியிருக்கிறீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள்.

புகார் நடக்கப் போவதால் ஆப்பின் பெயரையோ அந்த ஆளின் பெயரையோ இங்கே போடவில்லை.

அவசரத்தில் சொல்கிறேன், வாங்குவதற்கு முன் ‘பேட்ஜ் அளவு’ கேட்காதீர்கள், ‘பேப்பர் வெட்டு அளவு எத்தனை மி.மீ.’ என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் மெஷினுக்கு என்ன அளவு என்று கையால் வெட்டி நாலு பேட்ஜ் அழுத்திப் பாருங்கள், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். ஸ்கேல் மேல் வெட்டிய பேப்பரை வைத்து வீடியோ கேளுங்கள். ஆப்பை விட்டு வெளியே ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்று காலை அதில்தான் பதிவு செய்தேன். வெளியூர்க்காரர் என்றாலும் நாம் இருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் நானும் கத்தரிக்கோலில் வெட்டிக்கொண்டிருக்கிறோம். 170 முடிந்தது. நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். கட்டை விரல் கொப்பளித்துப் போய்விட்டது. மிச்சத்தை வெட்டப் போகிறேன்.